பாதி இறக்கின சட்டர்

கடை திறக்க முன்னம் நடக்கிற காலமைக் கூட்டம். எங்களை எல்லாம் பாண் தட்டுகளுக்குப் பக்கத்தில வரிசையா நிப்பாட்டியிருந்தினம். சுடுபாண் வாசம் மூக்கைத் துளைக்குது. ஆனால் அண்டைக்கு ஒருத்தருக்கும் பசியில்லை.

எங்களுக்கு முன்னால தவம் அக்கா நிண்டா. என்னோட வேலை செய்த மனுசி, பாப்பாமோட்டைக்காரி. கம்பனிச் சேட்டு, கறுப்புச் சப்பாத்து, கழுத்தில பேர் அட்டை. கை ரெண்டையும் பின்னால கட்டியிருந்தா. ஒரு பக்கத்தில கொழும்பில இருந்து வந்த ஏரியா மனேஜர். மற்றப் பக்கத்தில எங்கட கடை மனேஜர், சிலாபத்துப் பெடியன்.

"சொல்லுங்கோ அக்கா" எண்டான் பெடியன், நிலத்தைப் பாத்துக்கொண்டு.

தவம் அக்கா வாயைத் திறந்தா. சத்தம் வரேல்லை.

அவ என்ன சொல்ல வேணுமெண்டு எங்கள் எல்லாருக்கும் தெரியும். 'நான் செய்தது பிழை. இனிமேல் செய்யமாட்டன்.' இவ்வளவுதான். சொன்னால் வேலை நிரந்தரமாகும். சொல்லாட்டில் அண்டையோட வீட்ட போக வேண்டியதுதான். வேலை போனால் மகளின்ர காலும் போச்சு.

அப்பிடி என்ன பிழை செய்தவ எண்டு கேக்கிறியளோ? செத்த ஆளுக்கு மரியாதை குடுத்தவ. பொறுங்கோ, ஆறுதலாச் சொல்லுறன்.

போகட்டோ, விடட்டோ?

போன கிழமை இந்தப் பத்தியில, இந்தியாவில மண்டபம் அகதி முகாமில இருந்து நாங்கள் திரும்பி வந்த கதையோட நிப்பாட்டினனான். அதை வாசிச்சிட்டு ஒரு பிள்ளை என்னைக் கோயில் வாசலில மறிச்சது. "அன்ரி, நீங்கள் வேலை செய்த மாதிரிப் பெரிய கடை ஒண்டில எனக்கு வேலை கிடைச்சிருக்கு. போகட்டோ, விடட்டோ?"

போ எண்டு சொல்லவும் வாய் வரேல்லை, போகாதை எண்டு சொல்லவும் வரேல்லை. "ஒரு கிழமை பொறு, எழுதுறன்" எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். அதுதான் இது.

கடையின்ர பேரைச் சொல்லமாட்டன். நாடு முழுக்கக் கிளை இருக்கிற கம்பனி. சண்டை முடிஞ்சு கொஞ்சக் காலத்தில மன்னார் பெரிய ரோட்டில கண்ணாடிக் கதவோட ஒண்டைக் கட்டினாங்கள். கதவு தானாத் திறக்கும். முதல் கிழமை சனம் சாமான் வாங்க வரேல்லை, கதவு திறக்கிறதைப் பாக்கத்தான் வந்தது.

வந்த சனம் செருப்பை வெளியில கழட்டி விட்டிட்டு உள்ள வந்தது! நிலம் அப்பிடி மினுங்கும். கோயில் வாசல் மாதிரிக் கண்ணாடிக்கு முன்னால செருப்புக் குவியல். "போட்டுக்கொண்டே வாங்கோ" எண்டு நாங்கள் கெஞ்ச வேண்டிக் கிடந்தது. என்ர அப்பா கடைசி மட்டும் கேக்கேல்லை. கடலில நிண்ட காலோட இந்த நிலத்தில மிதிக்கேலாது எண்டு வெறுங்காலோட வந்து, ஏசி குளிருக்குக் காலை மாறி மாறித் தூக்கிக்கொண்டு நிண்டார்.

பிறகு மீன் பகுதிக்குப் போனார். ஐசில கிடந்த விளைமீனைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். "இது எங்கத்தையான் பிள்ளை?" எண்டார்.

"கொழும்பால வருது அப்பா."

"எங்கட கரையில பிடிச்சதடி இது. கொழும்பு பாத்திட்டு வந்திருக்கு. நான் இன்னும் பாக்கேல்லை."

மீன் பகுதிப் பெடியனுக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போச்சு. எனக்கு ஒரு பக்கம் வெக்கம், மறுபக்கம் பெருமை.

நல்லதை முதல் சொல்லுறன்

நன்றி மறக்கக் கூடாது. சம்பளம் மாசம் முடிய வங்கிக்கு வந்திடும். காத்து எழும்பினாலென்ன, கடல் கொந்தளிச்சாலென்ன, அது வரும். வலையை நம்பின குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விசயமெண்டு மாசச் சம்பளக்காரருக்கு விளங்காது. சேமலாப நிதி உண்டு. சுகமில்லையெண்டால் லீவு உண்டு.

அதைவிட ஒண்டு, சொன்னால் சிரிப்பியள். கக்கூசு. முகாமில விடிய முன்னம் வாளியோட வரிசையில நிண்டு வளந்தவள் நான். இங்க வெள்ளை ஓடு பதிச்ச கக்கூசு, உள்ளால பூட்டலாம், திருகினால் தண்ணி வரும். முதல் நாள் உள்ள போய்க் கதவைப் பூட்டிப்போட்டுச் சும்மா நிண்டனான். ஒருத்தரும் வந்து தட்டேல்லை. அழுகை வந்திட்டுது, மெய்யாத்தான்.

சனத்தின்ர மதிப்பும் வேற. முகாமால வந்த புதுசில, நான் வாய் தவறி "சரிங்க" எண்டால் ஊர்ச்சனம் பகிடி பண்ணும். "இந்தியாக்காரி வந்திட்டாள்" எண்டுங்கள். அங்க இருக்கேக்க நாங்கள் 'சிலோன்காரங்க', இங்க வந்தால் இந்தியாக்காரி. கம்பனிச் சேட்டைப் போட்டாப் பிறகு அதே வாயள் என்னை "மிஸ்" எண்டு கூப்பிட்டுதுகள்.

நிரந்தரமானால் வைத்தியக் கார்ட் ஒண்டு தருவாங்கள். எங்களுக்கும் பிள்ளையளுக்கும். அதைக் காட்டினால் கொழும்பில பெரிய தனியார் ஆஸ்பத்திரியிலயும் வைத்தியம் பாக்கலாம். தவம் அக்கா வேலைக்கு வந்ததே அந்தக் கார்ட்டுக்காகத்தான்.

அவவின்ர மகள் கோகிலா. வன்னியில கடைசிச் சண்டைக்க பிள்ளைக்குப் பீரங்கிச் செல் துண்டு ஒண்டு தொடைக்குள்ள போயிட்டுது. எடுக்காமல் விட்டதால, வளர வளர அது உள்ளுக்க நகருது, நரம்பில முட்டினால் கால் இழுத்துப்போடும் எண்டு டாக்குத்தர் சொல்லியிருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில திகதி குடுப்பினம், பிறகு தள்ளுவினம். பிறகும் தள்ளுவினம். பிள்ளையோ கட்டிலால இறங்கேக்கயே பல்லைக் கடிக்கும். புருசனை ஓமந்தைச் சோதனைச் சாவடியில ஆமி பஸ்ஸால இறக்கினதுதான், இண்டைக்கும் தகவலில்லை. மனுசி தன்னந்தனிய. பாப்பாமோட்டையில வெளிக்கிட்டு, பஸ்ஸில பாலம் கடந்து, எங்கள் எல்லாருக்கும் முன்னம் கடை வாசலில நிப்பா.

இனிக் கெட்டது

கதிரை இல்லை. கவுண்டரில நாள் முழுக்க நிண்டபடிதான். இருந்தால் சனத்துக்கு மரியாதையில்லையாம். என்ர காலில நரம்பு நீலம் பாரிச்சுக் கிடக்கிறது அந்தக் கடை தந்த பரிசு. கக்கூசு நல்லதுதான், ஆனால் போறதுக்குக் கையை உயர்த்திக் கேக்க வேணும். வடிவான கக்கூசைக் கட்டி வச்சிட்டு அடக்கு எண்டால் என்ன நியாயம்?

காற்சட்டைப் பொக்கற்றுகளைத் தைச்சு மூடியிருப்பாங்கள், களவெடுக்கக் கூடாதெண்டு. வீட்ட போகேக்க பையைத் திறந்து காட்ட வேணும், உடம்பைத் தடவிப் பாப்பாங்கள். முதல் நாள் பின்னேரம் செக்கியூரிட்டிப் பிள்ளை கிட்ட வர, நான் கேக்காமலே ரெண்டு கையையும் தூக்கிப்போட்டன். பக்கத்தில பாத்தால் தவம் அக்காவும் தூக்கிக்கொண்டு நிக்கிறா. அவ வவுனியா முகாமில பழகினவ, நான் மண்டபத்தில பழகினவள். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சம். அண்டைக்குத் தொடங்கின சிநேகிதம் அது.

மடு மாதா திருவிழாவுக்கு எனக்கு லீவில்லை. சிவராத்திரிக்கு ஊரே திருக்கேதீஸ்வரம் போகும், தவம் அக்காவுக்கும் லீவில்லை. திருவிழாக் காலத்திலதானாம் வியாபாரம் கூட. கூரையில கமரா. அதைக் கொழும்பில இருந்து ஒருத்தன் பாத்துக்கொண்டிருப்பானாம். ஒரு பாட்டைத் திருப்பித் திருப்பிப் போடுவாங்கள், கம்பனியின்ர விளம்பரப் பாட்டு. நித்திரையிலயும் அது கேக்கும்.

இதெல்லாம் பல்லைக் கடிச்சால் தாங்கலாம். தாங்கேலாமல் போனது வேறொண்டு.

அண்டைக்குப் பின்னேரம்

எங்கட ஊரில பிரேதம் ரோட்டால போனால் கடைக்காரர் சட்டரைப் பாதிக்கு இறக்கிவிடுவினம். வேதக்காரர், அதுதான் கிறிஸ்தவ ஆக்களின்ர பெட்டியாய் இருக்கட்டும், சைவக்காரரின்ர பாடையாய் இருக்கட்டும், முஸ்லிம் ஆக்களின்ர ஜனாஸாவாய் இருக்கட்டும், வித்தியாசமில்லை. றேடியோவை நிப்பாட்டி, வியாபாரத்தை விட்டிட்டு எழும்பி நிப்பினம். பிரேதம் தாண்டிப் போனாப் பிறகு சட்டர் ஏறும். இது ஆரும் சொல்லித் தந்து வாறதில்லை.

அண்டைக்குப் பின்னேரம் கடைக்குள்ள நல்ல சனம். நான் கவுண்டரில. தவம் அக்கா வாசலுக்குக் கிட்ட சவுக்காரக் கட்டி அடுக்கிக்கொண்டு நிண்டா. துக்க மணி கேட்டுது. பிறகு செபச் சத்தம். உப்பளப் பக்கத்து ஆரோ ஒரு வயசாளி, எங்கள் ரெண்டு பேருக்கும் ஆரெண்டே தெரியாது.

தவம் அக்கா சவுக்காரத்தைக் கீழ வச்சா. கொளுக்கித் தடியை எடுத்தா. வெளியில போய்ச் சட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டிட்டு, அதுக்குக் கீழ தலையைக் குனிஞ்சு நிண்டா. நான் எட்டிப் பாட்டை நிப்பாட்டினன். கடைக்குள்ள நிண்ட எங்கட சனம் கூடையைக் கீழ வச்சிட்டு அப்பிடியே நிண்டுது. குளிர்ப்பெட்டியின்ர இரைச்சல் மட்டும்தான்.

ஆனால் தலைமன்னார் பாக்க வந்த கொழும்புக் குடும்பமொண்டும் உள்ளுக்க நிண்டுது. அந்த மனுசனுக்கு என்ன நடக்குதெண்டு விளங்கேல்லை. "ஏன் பூட்டுறியள்? கதவைத் திறவுங்கோ!" எண்டு சிங்களத்தில கத்தினார். கையில சின்னப் பிள்ளை, அதுவும் வீரிட்டு அழுதது. சட்டர் ஏறினாப் பிறகும் அவருக்கு ஆத்திரம் அடங்கேல்லை. தங்களை உள்ள வச்சுப் பூட்டிப்போட்டினம் எண்டு அந்த இடத்திலயே கம்பனியின்ர தலைமைக் கந்தோருக்குக் கோல் எடுத்திட்டார்.

அந்தாளின்ர பக்கமும் நியாயம் இருக்கு. முன்னப்பின்ன தெரியாத ஊரில, பிள்ளையோட நிக்கேக்க சட்டர் இறங்கினால் எனக்கும் நெஞ்சு பகீரெண்டிருக்கும். இப்ப சொல்லுறன் இதை. அண்டைக்கு அவரைக் கண்டபடி திட்டினனான்.

அடுத்த நாளே கொழும்பால உத்தரவு வந்திட்டுது. வியாபார நேரத்தில அனுமதியில்லாமல் கடையைப் பூட்டினது, வாடிக்கையாளரை உள்ள வச்சுப் பூட்டினது. தவம் அக்கா நிரந்தரமாக இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஏரியா மனேஜர் நேர வருவார், எல்லாருக்கும் முன்னால பிழையை ஒத்துக்கொண்டால் மன்னிக்கிறதாம்.

நான் மனேஜர் பெடியனின்ர அறைக்குப் போனன். "தம்பி, பாட்டை நிப்பாட்டினது நான். என்னையும் முன்னால நிப்பாட்டு" எண்டன்.

"ரெஜினா மிஸ், கமராவில சட்டர்தான் தெரியுது. பாட்டு நிண்டது அதில விழாது. சும்மா இருங்கோ."

"நீயும் வேதக்காரன்தானே? உன்ர ஊரில இப்பிடிப் பிரேதம் போனால் என்ன செய்வாய்?"

அவனுக்குக் கண் கலங்கிப் போச்சு. அவனுக்கும் வேலை வேணும்.

சாப்பாட்டு அறை

மத்தியானம் தவம் அக்காவைப் பிடிச்சு இருத்தினன். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியிருந்தது.

"சொல்லாதேங்கோ அக்கா. என்ன பிழை செய்தனீங்கள்? சேட்டைக் கழட்டி அவங்கட மூஞ்சியில எறிஞ்சுபோட்டு வாங்கோ. நானும் வாறன்."

"உனக்கென்ன ரெஜி, தனிக்கட்டை. எறிவாய். எனக்கு அங்க ஒண்டு காலை இழுத்துக்கொண்டு கிடக்குது."

"அப்ப ஏனக்கா இறக்கினனீங்கள்? ஆரெண்டும் தெரியாத ஆளுக்கு?"

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டிட்டன். சோத்துப் பெட்டியை மூடி வச்சா.

"வன்னியில, அம்மாவுக்கு மேல செல் விழேக்க நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால போறன். திரும்பிப் பாத்தால் அம்மா விழுந்து கிடக்கிறா. கிட்டப் போனன். உயிர் இல்லை. சீலையால மூடிப்போட்டு ரோட்டுக்கரையில விட்டிட்டு வந்தனான். பின்னால வந்த சனம் தாண்டித் தாண்டிப் போகுது. ஒருத்தரும் நிக்கேல்லை, நிக்கவும் ஏலாது. ஒரு கதவும் பூட்டேல்லை ரெஜி. பூட்டுறதுக்கு அங்க கதவே இருக்கேல்லை."

நான் தண்ணிப் போத்தலை அவவுக்குக் கிட்டத் தள்ளினன்.

"இங்க கதவு இருக்கு. பிரேதம் போகுது. கை தானாப் போயிட்டுது. நான் யோசிக்கேல்லை" எண்டா.

அதுக்குப் பிறகு நான் அவவுக்குப் புத்தி சொல்லேல்லை.

கை தட்டினம்

காலமைக் கூட்டத்துக்கு வாறன். தவம் அக்கா மூச்செடுத்துச் சொன்னா. "நான் செய்தது பிழை. இனிச் செய்யமாட்டன்."

ஏரியா மனேஜர் சிங்களத்தில ஏதோ சொன்னார். "இன்னும் கொஞ்சம் சத்தமாவாம்" எண்டான் பெடியன்.

"நான் செய்தது பிழை! இனிச் செய்யமாட்டன்!"

கடை முழுக்கக் கேட்டுது. சொல்லி முடிச்சிட்டு அவ எங்கள் ஒருத்தரையும் பாக்கேல்லை, பாண் தட்டையே பாத்துக்கொண்டு நிண்டா.

ஏரியா மனேஜர் கெட்டவரில்லை, அதுதான் பெரிய கொடுமை. கெட்டவனெண்டால் ஒரு தூசணத்தைச் சொல்லி மனம் ஆறலாம். அவர் தவம் அக்காவுக்குக் கிட்ட வந்து ஆறுதலாக் கதைச்சார். பெடியன் மொழிபெயர்த்தான்: "தன்ர ஊரிலயும் பிரேதம் போனால் கடை சாத்துறவையாம். தானும் எழும்பி நிக்கிறவராம். ஆனால் கம்பனி எண்டால் அது வேறயாம்."

கூட்டம் முடியேக்க எல்லாரும் கை தட்ட வேணும், அது ஒவ்வொரு நாளும் உள்ள வழமை. அண்டைக்கும் தட்டினம். தவம் அக்காவும் தட்டினா.

அந்த மாசமே அவவுக்கு வேலை நிரந்தரமாச்சு. கார்ட் வந்தது. கொழும்பு ஆஸ்பத்திரியில கோகிலாவுக்கு ஒப்பரேஷன் திகதியும் குடுத்திட்டினம்.

அப்பா போன வழி

ஒப்பரேஷனுக்குக் கிட்டடியில என்ர அப்பா செத்துப்போனார். கிழிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டு இருந்தவர், நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு சரிஞ்சார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே எல்லாம் முடிஞ்சுது.

கம்பனி குறை வைக்கேல்லை. கேக்காமலே லீவு தந்தினம். மலர்வளையம் அனுப்பினவை. அவ்வளவு பெரிய வளையம் எங்கட பனங்கட்டுக்கொட்டுப் பக்கம் ஒருத்தருக்கும் வந்ததில்லை. நடுவில கம்பனியின்ர நிறத்தில பட்டு நாடா. சனம் அதிசயமாப் பாத்துது. மனேஜர் பெடியன் கறுப்புச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். தவம் அக்கா விடியவே வந்து, அப்பாவின்ர காலைத் தொட்டுக் கும்பிட்டு, என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதிட்டு வேலைக்கு ஓடினா.

கோயிலால, பெட்டி புதைக்கிற சேமக்காலைக்குப் போற வழி கடைக்கு முன்னாலதான். முன்னுக்குச் சிலுவை, பிறகு மலர்வளையம், அதுக்குப் பின்னால அப்பா. நான் பெட்டியைப் பிடிச்சபடி நடந்தன். பெரிய ரோட்டில ஏற, சைக்கிள் கடைச் சட்டர் இறங்கிச்சு. முஸ்லிம் நானாவின்ர புடவைக்கடை இறங்கிச்சு. மருந்துக்கடைக்காரர் வெளியில வந்து நிண்டார். தேத்தண்ணிக் கடைக்குள்ள றேடியோ நிண்டுது.

எங்கட கடை திறந்திருந்தது. உள்ளுக்க வெளிச்சம் எரியுது. கிட்டப் போக, சனத்தைக் கண்டு கதவு தானாத் திறந்துது. பாட்டு வெளியில வந்துது. மூடிச்சு, திரும்பத் திறந்துது, திரும்பப் பாட்டு.

கவுண்டரில தவம் அக்கா. முதுகுதான் தெரிஞ்சுது. சாமானை எடுக்கிறா, பீப் எண்டுது, வைக்கிறா. பிறகும் எடுக்கிறா. தலை திரும்பேல்லை.

லீவு முடிய வேலைக்குப் போனன். போகாமல்? அம்மா வீட்டில, வள்ளத்தில போக ஆளில்லை. மத்தியானம் சாப்பாட்டு அறையில நானும் அவவும்தான். தன்ர சோத்தில பாதியைப் பிரிச்சு என்ர பெட்டிக்குள்ள போட்டா. கத்தரிக்காய்க் குழம்பு. நாலு நாளில மகளைக் கொழும்புக்குக் கொண்டுபோக வேணும்.

(பிள்ளையின்ர காலை நினைச்சு நீங்கள் அந்தரப்பட வேண்டாம். துண்டை எடுத்திட்டாங்கள். இப்ப நல்லா நடக்கிறாள்.)

எனக்கு அவவில கோவம் இருந்ததோ எண்டால், இருந்தது. அது நியாயமில்லை எண்டு தெரிஞ்சும் இருந்தது. கடைசியில அவதான் வாயைத் திறந்தா.

"மணி கேட்டுது ரெஜி. அப்பாதான் போறார் எண்டு தெரியும். நான் திரும்பிப் பாக்கேல்லை."

"விடுங்கோ அக்கா."

"பாத்திருந்தால் இறக்கியிருப்பன்."